படகைத் தள்ளும் ஆளுக்குக் கூலி இல்லை

மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேனா என்று நீ கேட்கவில்லை, அதனால் அதற்குப் பதில் எழுதி மையை வீணாக்கப்போவதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். தை கடைசியில் உனக்குக் கல்யாணம். பெண்ணைப் பெற்றவர் உன் மேலதிகாரி. அவருக்கு வாத்துச் சுடுவதென்றால் உயிர். பொங்கல் முடிந்த கையோடு அவரை நம் ஊருக்கு அழைத்துவந்து, கண்மாயில் படகு விட்டு, சிறவி சுடவைத்து மனம் குளிரப்பண்ணி அனுப்ப வேண்டும் என்பது உன் திட்டம். காட்டு வாத்தை நம் ஊரில் சிறவி என்போம் என்று அவருக்கு நீ விளக்கியதையும், அவர் சிரித்ததையும் எழுதியிருக்கிறாய். காட்டிலாகா அனுமதியை அவரே பார்த்துக்கொள்வார், துப்பாக்கியும் அவருடையதே, படகு மட்டும் நம் பொறுப்பு என்றும் எழுதியிருக்கிறாய். சந்தோஷம். மாப்பிள்ளை ஆகும் முன்பே ஏவலாள் ஆகிவிட்டாய்.

கூடவே ஒரு எஸ்டிமேட் வைத்திருந்தாய். கவர்ன்மெண்ட் சம்பளம் வாங்கும் என்ஜினியர் அல்லவா, கோடு போட்டு அழகாகவே எழுதியிருக்கிறாய். லாரி டியூப், முத்து வேலை பார்க்கும் ஷெட்டில் பழசு சும்மா கிடைக்கும். மூங்கில் நம் தோப்பில் இருக்கிறது. மேலே விரிக்க ஒட்டுப்பலகை, கட்டக் கயிறு, வாத்துக்குத் தெரியாமலிருக்கப் பச்சைப் பெயிண்ட். மாமனார் உட்காருவதற்குப் பழைய கார் சீட் ஒன்று, அதற்குப் புது உறை. எல்லாவற்றுக்கும் எதிரில் ரூபாய் போட்டிருக்கிறாய். கடைசி வரியில், 'படகைத் தள்ள முத்து, கூலி இல்லை' என்று எழுதி, அதற்கு எதிரில் ஒரு சின்னக் கோடு இழுத்திருக்கிறாய். கீழே ஒரு குறிப்பு வேறு, முத்து நல்லா நீந்துவான் என்று.

அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு நான் அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டேன். பொங்கி வழிந்து கருகி, வீடு முழுக்க நாற்றம். இந்தக் கடிதத்தை நான் எழுதுவதும் அந்தக் குறிப்புக்காகத்தான். இதை மடித்துப் பெட்டிக்கு அடியில் ஒளித்துவைக்காதே. நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணிடம் கொடு, அவளும் படிக்கட்டும். எந்த வீட்டுக்கு வருகிறோம் என்று அவளுக்கும் தெரிய வேண்டும். அவள் அப்பாவும் படித்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

முதலில் படகைப் பற்றிப் பேசுவோம். நீ என்ஜினியர், நான் எட்டாம் வகுப்பு. ஆனாலும் இந்த ஊர்த் தண்ணீரைப் பற்றி உன்னைவிட எனக்குத் தெரியும். டியூப் ஆகாது. மெட்ராஸ் போனதும் உனக்கு மறந்திருக்கும், நீ பிறந்த வருஷம் காட்டிலாகாக்காரர்கள் கண்மாய்க்குள் கருவேலங்கன்றுகளை நட்டுவிட்டுப் போனார்கள், இப்போது அது காடாக நிற்கிறது. தண்ணீர் பெருகினால் மரம் இடுப்பு வரை முங்கிவிடும். முள் எங்கே இருக்கிறதென்று மீனுக்குத்தான் தெரியும். ஒரு முள் ஏறினால் போதும், உன் மாமனார் கார் சீட்டோடு உட்கார்ந்தபடியே கீழே போவார். பரிசல் வாங்கலாமா என்று ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறாய். நம் பக்கம் பரிசல் முடைய ஆள் கிடையாது. காவிரிக்கரையிலிருந்து லாரியில் ஏற்றிவந்தால் ஏற்றுகூலி பரிசல் விலையைத் தாண்டும். துப்பாக்கி உதைக்கிற உதைக்கு அது தட்டாமாலை சுற்றும், மனிதர் வாந்தியெடுப்பார். பனந்துண்டைக் குடையலாம், ஆனால் அதைத் தூக்கிப்போட நாலு பேர் வேண்டும். நாலு பேருக்கும் நீ கோடுதான் இழுப்பாய்.

பலகைப் படகுதான் சரி. மாம்பலகை போதும். அகலம் மூன்று பலகைக்குக் குறையக்கூடாது, சந்துகளில் சாக்கு நாரைத் திணித்துத் தார் காய்ச்சி ஊற்ற வேண்டும். சுடுகிறவர் அதில் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும். உட்காரவும் கூடாது, எழுந்திருக்கவும் கூடாது. படுத்தால் வாத்துக்கும் தெரியாது, படகும் ஆடாது. செலவில் அது ஒன்றும் பெரிய காசில்லை. ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது மகனே. பெண் கொடுக்கிற மனிதரை, அதுவும் உன் மேலதிகாரியை, 'சார், குப்புறப் படுங்க சார்' என்று சொல்ல உனக்கு வாய் வருமா? வராது. உன் அப்பாவுக்கும் வரவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

உனக்கு அப்போது பத்து வயது. நினைவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. உன் அப்பாவுக்குக் கண்மாயின் மீன்பாசிக் குத்தகை மேல் ஒரு கண். தண்ணீர் வற்றும்போது மீன் பிடித்து விற்கும் உரிமை அது, வருஷத்துக்கு வருஷம் ஏலம் போகும். குறைந்த விலைக்கு அதை முடித்துக்கொடுக்கக்கூடிய பெரிய ஆபீசர் ஒருவர் மதுரையில் இருந்தார். அவருக்கும் வாத்துதான் பலவீனம். உன் அப்பா படகு செய்யக் கிளம்பினார். அந்த வருஷம் கடலை விற்ற காசு மொத்தத்தையும் மடியில் கட்டிக்கொண்டு சோழவந்தானுக்குப் போனார். மூன்று பலகை வாங்கப் போனவர் இரண்டு பலகை வாங்கிக்கொண்டு திரும்பினார். மூன்றாவது பலகையின் காசு ஆபீசருக்கு வாங்கிய பிராந்திக்கும், கோழி பிரியாணிக்கான அரிசிக்கும், பச்சைப் பெயிண்டுக்கும் போய்விட்டது. 'கருவேல மரத்துக்கு நடுவுல போகணும்ல, ஒடுக்கமா இருந்தாத்தான் நல்லது' என்று எனக்குச் சமாதானம் சொன்னார். படகு முடிந்தபோது பாடைக்கு ஒரு சாண் கூடுதல் அகலம் இருந்தது, அவ்வளவுதான்.

என் தம்பி செல்லையா, உன் தாய்மாமன், அதை முதன்முதலில் தண்ணீரில் விட்டவன். அவனுக்குக் கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை இருந்தது. படகில் மல்லாக்கப் படுத்துக் கையால் துழாவிக் கண்மாய் நடுவரை போய்த் திரும்பி வந்தான். 'மச்சான், சூப்பரா மெதக்குது, தூக்கமே வந்துருச்சு' என்று சொல்லிச் சிரித்தான். படுத்தால் மிதக்கும் படகு அது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆபீசர் வரும் அன்று விடிகாலையில் உன் அப்பா பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய், அங்கே இருந்த கைவைத்த நாற்காலியைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். ஊரில் கைவைத்த நாற்காலி இரண்டே இரண்டு. மற்றது முடிவெட்டும் கடையில் இருந்தது, அதை அவர் மரியாதைக்குறைவு என்று விட்டுவிட்டார்.

நான் கேட்டேன். கேட்காமல் இல்லை. "என்னங்க, இம்புட்டு ஒசரத்துல ஒக்காந்தா நிக்குமா?" என்றேன். அவர் நாற்காலிக் காலைக் கயிற்றால் படகோடு வரிந்து கட்டிக்கொண்டே சொன்னார்: "அம்புட்டுப் பெரிய ஆபீசரைக் கூலிக்காரன் மாதிரி பலகையில படுக்கச் சொல்லவா? வருஷா வருஷம் வண்டியூர்த் தெப்பத்துல ஆத்தா மீனாட்சியே ஒக்காந்துதான் வாரா. என்னைக்காச்சும் கவுந்திருக்கா?" தெப்பக்குளத்துத் தெப்பம் எத்தனை பீப்பாய்கள் மேல் மிதக்கிறது, எத்தனை பேர் வடம் பிடித்து இழுக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த நேரத்தில் எனக்கும் தோன்றவில்லை. சாமி உட்கார்ந்து போகிறது, ஆபீசரும் உட்கார்ந்து போகட்டும். நம் ஆட்களுக்கு உட்காரவைப்பதுதான் மரியாதை, அதிலும் உயரமாக உட்காரவைப்பது. செல்லையா அதைப் பார்த்துவிட்டு, "மச்சான், சப்பரம் ரெடி, சாமி எப்ப வாராரு?" என்றான். அவனுக்கு எல்லாமே கேலி.

சாமி ஜீப்பில் வந்தார். மார்கழிக் குளிர். செல்லையா கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, தலையில் பாசியையும் கொடியையும் சுற்றிக்கொண்டு, படகின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனான். ஆபீசர் நாற்காலியில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார், தொப்பி வைத்திருந்தார். கரையில் உன் அப்பா, ஜீப்போடு வந்த இரண்டு பியூன்கள், நீ, இட்லிச் சட்டியோடு நான். நடுக்கண்மாயில் சிறவிக் கூட்டம் எழும்பியது. ஆபீசர் இரண்டு குழலின் விசையையும் ஒரே நேரத்தில் இழுத்துவிட்டார். துப்பாக்கி அவர் தோளை உதைத்தது, அவர் நாற்காலியின் முதுகில் சாய்ந்தார், நாற்காலி படகைப் பின்னுக்குச் சாய்த்தது. கண் மூடித் திறப்பதற்குள் ஆபீசர், நாற்காலி, படகு எல்லாம் செல்லையா இருந்த இடத்தில் குப்புறக் கவிழ்ந்து கிடந்தன.

எல்லோரும் குதித்தார்கள். உன் அப்பாதான் முதலில் குதித்தார், அவரைக் குறை சொல்ல முடியாது. எல்லோரும் சேர்ந்து ஆபீசரைத் தூக்கிக் கரையில் போட்டார்கள். துண்டால் துடைத்தார்கள், பிராந்தியைத் திறந்து வாயில் ஊற்றினார்கள். நான் கத்தினேன்: "ஏங்க, என் தம்பி எங்க?" பியூன்களில் ஒருவன் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: "அவென் நல்லா நீந்துவான்க்கா, அங்கிட்டுக் கரையேறியிருப்பான்." ஆபீசருக்கு மூச்சு வந்ததும் அவர் கேட்ட முதல் வார்த்தை, துப்பாக்கி. லைசென்ஸ் துப்பாக்கி, சீமைத் துப்பாக்கி, காணாமல் போனால் போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டும். அப்புறம் உன் அப்பாவும் பியூன்களும், சத்தம் கேட்டு ஓடிவந்த நாலைந்து பேரும் வரிசையாகக் கைகோத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். காலால் சேற்றைத் துழாவிக்கொண்டே போனார்கள். துப்பாக்கியைத் தேடிய காலில்தான் என் தம்பி தட்டுப்பட்டான். ஒரு கருவேலங்கட்டைக்கும் படகுக்கும் நடுவே கிடந்தான். அவனைக் கரையில் போட்டுவிட்டு மறுபடியும் இறங்கினார்கள், துப்பாக்கி இன்னும் கிடைக்கவில்லையே.

நீ என்ன செய்தாய் என்று நினைவிருக்கிறதா? மிதந்து ஒதுங்கிய தொப்பியை எடுத்து, பிழிந்து, ஆபீசரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாய். அவர் உன் தலையைத் தட்டி, "குட் பாய்" என்றார். உன் மாமன் பக்கத்திலேயே வாயில் சேற்றோடு கிடந்தான். பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று இத்தனை வருஷம் என்னை நானே தேற்றிக்கொண்டேன். உன் எஸ்டிமேட்டைப் பார்த்த பிறகு அந்தத் தேறுதலும் போய்விட்டது. நீ அப்போதே எல்லாம் தெரிந்தவன்தான்.

போலீசில் குளிக்கப்போனவன் சேற்றில் சிக்கிக்கொண்டான் என்று எழுதிக்கொண்டார்கள். உன் அப்பா தலையாட்டினார். எனக்கு அவர் சொன்னது இவ்வளவுதான்: "போனவன் போயிட்டான், பேசி என்ன ஆகப்போகுது? வாயை மூடிட்டு இரு." அந்த வருஷமே குத்தகை நமக்குக் கிடைத்தது. படகின் பலகைகளைக் கழற்றி மாட்டுத் தொழுவத்துக்குக் கதவு போட்டார், நல்ல பலகையை வீணாக்கக்கூடாதே. என் தம்பி பெண்டாட்டியை அவளைப் பெற்றவர்கள் கூட்டிப்போய் வேறு ஊரில் கட்டிக்கொடுத்தார்கள், பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். அந்தப் பிள்ளைதான் முத்து. மீன் விற்ற காசில் நீ ஹாஸ்டலில் தங்கி என்ஜினியரிங் படித்தாய். முத்துவுக்கு ஒன்பதோடு படிப்பை நிறுத்தி லாரி ஷெட்டில் சேர்த்துவிட்டார் உன் அப்பா. அவர் போய்ச்சேர்ந்தாயிற்று, இனி அவரைத் திட்டி என்ன. முத்து சம்பளத்தில்தான் இப்போது இந்த வீட்டில் விளக்கு எரிகிறது. நீ அனுப்பும் மணியார்டரை நான் தொடுவதில்லை என்பது உனக்குத் தெரியாது, இப்போது தெரிந்துகொள்.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்குப் பெற்றவள் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். நானும் சொல்கிறேன். மாமனாருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவன், வீட்டுக்குப் போனதும் அந்தக் கையைப் பெண்டாட்டி மேல் அவிழ்ப்பான். உன் அப்பா அப்படித்தான். ஜீப் போன சாயங்காலம், நாற்காலியைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதற்காக என் காதில் அறைந்தார். இன்றைக்கும் அந்தக் காதில் சரியாகக் கேட்பதில்லை. பெரிய மனிதர்களைச் சந்தோஷப்படுத்தப் போகும்போது செலவு யார் தலையில் விழுகிறது என்று பார். உன் தலையில் விழுந்தால் தாராளமாகச் செய். அடுத்தவன் தலையில் விழுந்தால், அதற்கு எதிரில் கோடு இழுப்பதற்கு முன்னால் அந்த ஆளின் முகத்தை ஒருதரம் நினைத்துப்பார். நீ நினைக்கவில்லை. நினைத்திருந்தால் பேனா ஓடியிருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. உன் கல்யாணத்துக்குத் தாய்மாமன் முறை செய்ய வேண்டும். மணவறையில் உனக்கு முதல் மாலை போட்டு, புதுவேட்டி கொடுத்து, கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்காரவைக்கிற உரிமை மாமனுக்கு. மாமன் இல்லாவிட்டால் மாமன் மகனுக்கு. முத்து அதற்காக ஆறு மாதமாகச் சீட்டுக் கட்டி, உனக்குப் பட்டு வேட்டியும் ஒரு மோதிரமும் எடுத்துவைத்திருக்கிறான். மோதிரத்தை என்னிடம் மூன்று தரம் காட்டிவிட்டான். 'மச்சானுக்கு அளவு சரியா இருக்குமா அத்தை?' என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவனைத்தான் நீ படகு தள்ளச் சொல்லியிருக்கிறாய்.

அவனுக்கு அவன் அப்பா எப்படிச் செத்தான் என்று உன் கடிதம் வரும்வரை தெரியாது. குளிக்கப்போய்ச் செத்ததாகத்தான் வளர்ந்தான். உன் கடிதம் வந்த அன்று அவன் ஷெட்டிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, நான் கடிதத்தை எடுத்து வரி விடாமல் படித்துக்காட்டினேன். டியூப், பெயிண்ட், கார் சீட், அப்புறம் கடைசி வரி. அவன் முகம் மலர்ந்துவிட்டது. "இதுக்கென்ன அத்தை, மச்சான் சொன்னாத் தள்ளமாட்டேனா? கூலியெல்லாம் எதுக்கு" என்றான். அவன் கையில் சோற்றோடு சொன்னதைக் கேட்டதும் கடிதத்தைக் கீழே வைத்தேன். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலி, துப்பாக்கி, தொப்பி, பலகை, குத்தகை, ஒன்றையும் விடவில்லை. கேட்டு முடித்து அவன் எழுந்து கையைக் கழுவிவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"மச்சானுக்கு இது தெரியுமா அத்தை?"

"கரையில நின்னு பாத்தவன்டா" என்றேன்.

பொய் சொல்லியிருக்கலாம். உனக்காக ஒரு பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவன் தொழுவத்துக்குப் போய் அந்தக் கதவை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். மறுநாள் ஷெட்டுக்கு லீவு சொல்லிவிட்டு, கடப்பாரையால் கதவைப் பெயர்த்தெடுத்தான். ஆசாரியைக் கூட்டிவந்து இரண்டு பலகையையும் பழையபடியே படகாக்கச் சொன்னான். மூன்றாவது பலகை வாங்கித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றான். நீ எழுதியபடி கார் சீட்டும் வாங்கிவந்து நடுவில் வைத்து முடுக்கிவிட்டான், புது உறையும் போட்டாயிற்று. உன் எஸ்டிமேட்டில் பாதிக்கும் குறைந்த செலவுதான். என்னிடம் இப்படிச் சொன்னான்: "மச்சானுக்கு எழுதுங்க அத்தை. நான் தள்ளுறேன், எனக்குக் கூலி வேணாம். ஆனா அந்த சீட்டுல அவரு மாமனாரு ஒக்காரக் கூடாது. மச்சான்தான் ஒக்காரணும். ஒக்காந்தா, நடுக்கண்மாய் வரைக்கும் கொண்டு போயிட்டு வாரேன். அதுக்கப்புறம் மாலை போடுறதப் பத்திப் பேசலாம்."

அவன் என்ன நினைத்துக்கொண்டு சொன்னான் என்று நான் கேட்கவில்லை. உன்னைக் கவிழ்ப்பானோ, பத்திரமாகக் கரை சேர்ப்பானோ, எனக்குத் தெரியாது. உனக்கு நீச்சல் தெரியாது என்று அவனுக்குத் தெரியும். அவனைத் தடுக்கச் சொல்லி எனக்கு எழுதாதே, நான் தடுக்கப்போவதில்லை. வராமல் இருந்துவிடலாம் என்று நினைத்தால், உன் மணவறையில் மாலை போட மாமன் வீட்டு ஆள் ஏன் வரவில்லை என்று உன் மாமனார் கேட்பார். அதற்கு நீயே பதில் சொல்லிக்கொள்.

கண்மாய் நிரம்பி மறுகால் போகிறது. சிறவி இந்த வருஷம் நிறைய இறங்கியிருக்கிறது. நீ வந்தால் நானும் கரைக்கு வருவேன். படகு கவிழ்ந்தால் உங்கள் இருவரில் முத்துவைத்தான் நான் முதலில் தேடுவேன். உன்னைப் பெற்றவள் நான், அதனால் இதை உனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
அம்மா